ஒன்று நாலு ரெண்டு எட்டு அஞ்சு ஏழு

தென்காசி ரோட்டில் மூடிக்கிடக்கும் ரைஸ்மில்லுக்குப் பின்னால், ஒரே முற்றத்தைப் பார்த்தபடி வரிசையாக ஆறு வீடும் கடைசியில் பூட்டிக்கிடக்கிற ஏழாவது வீடுமாக இருக்கும் வளவில், ஒரு செவ்வாய்க்கிழமை விடியக்காலம் ஆவுடை கண் முழித்தபோது பக்கத்தில் படுத்திருந்த புருஷனைக் காணோம், கட்டிலில் மாமியாரைக் காணோம், உள்தாழ்ப்பாள் மட்டும் ராத்திரி போட்டது போட்டபடி கிடந்தது. நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தாழ்ப்பாளை நீக்கி வெளியே வந்து பார்த்தால், நாலாவது வீட்டிலிருந்து அவள் புருஷன் மந்திரமூர்த்தி யாருடைய போர்வையையோ போர்த்திக்கொண்டு, கண்ணைக் கசக்கியபடி வருகிறான். அவனுக்குப் பின்னால் அந்த வீட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஏழு பேர் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு வருகிறார்கள்.

“ஏங்க, அங்க எதுக்குப் போனிய?” என்றாள் ஆவுடை.

“நான் எங்கட்டி போனேன்? முழிச்சா அங்க கிடக்கேன்” என்றான் அவன். அவன் பார்வை அவளைத் தாண்டிக் கதவுக்குப் போனது.

கதவுப் பலகையில் ஒன்று என்று இருந்தது. சாக்பீஸில் எழுதியதில்லை, ஆணியால் கீறியதுமில்லை. மரத்தின் ரேகையே நெளிந்து வளைந்து ஒன்றாக நின்றது. அடுத்த கதவில் நாலு, அதற்கடுத்து ரெண்டு, எட்டு, அஞ்சு, ஏழு. ஒன்று போட்ட வீட்டில் ஆவுடை ஒருத்தி. ரெண்டு போட்ட வீட்டில் எஸ்தர் டீச்சரின் அம்மாவும், ஓய்வுபெற்ற கண்டக்டர் பால்வண்ணமும். அந்த அம்மா ஜெபம் பண்ண எழுந்து கண்ணைத் திறந்தவள், எதிரே பனியனோடு உட்கார்ந்திருந்த மனுஷரைப் பார்த்து அலறிய அலறலில்தான் வளவே எழுந்தது. “டிக்கெட் எடுத்துத்தான் வந்தேன், கத்தாதிய” என்று அவர் சொன்னார் பாருங்கள், அந்தப் பயத்திலும் நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

வளவில் மொத்தம் இருபத்தேழு பேர். அந்தக் கணக்கு எல்லாருக்கும் மனப்பாடம், ஏனென்றால் நாலாவது வீட்டுப் பிச்சம்மாள் மாசம் பிறந்தால் முற்றத்தில் நின்று விரலை நீட்டித் தலை எண்ணுவாள். தலைக்கு அஞ்சு குடம் தண்ணீர், அதற்கு மேல் கிணறு தாங்காது, செப்டிக் டேங்க்கும் தாங்காது என்பது வளவு கூடிப் போட்ட சட்டம். மோட்டார் சுவிட்ச் இருக்கும் பெட்டியின் சாவி அவள் முந்தானையில். தலை கூடினால் கூடின குடும்பம் காலி பண்ண வேண்டும். தங்கச்சி பிள்ளைகளைக் கூட்டிவந்து வைத்துக்கொண்ட விதவை போனாள், கல்யாணம் முடித்து மனைவியோடு வந்த எலக்ட்ரீசியன் போனான், இப்படி எத்தனையோ பேர் சட்டி பானையோடு கேட்டைத் தாண்டிப் போனார்கள். ஆவுடையும் ஆறு மாசம் வரை சேலையைத் தளர்த்திக் கட்டி வயிற்றை ஒளித்துப் பார்த்தாள். பிச்சம்மாள் கண்ணில் பட்ட அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது: “பிள்ளை பெத்த கையோட வேற வீடு பாத்துக்கிடுங்க, என்ன?”

அந்தச் செவ்வாய்க்கிழமை, கதவு எண்களைக் கூட்டினால் சரியாக இருபத்தேழு வந்தது. ஆவுடை பயந்தது அதனால்தான். ஒன்று போட்ட வீட்டில் அவளை வைத்த அந்த எண், வயிற்றுக்குள் இருப்பதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. அப்படியென்றால் பிறந்த பிறகு?

மறுநாள் கதவுகளில் ரெண்டு, எட்டு, அஞ்சு, ஏழு, ஒன்று, நாலு. ஆட்களும் அப்படியே இடம் மாறிக் கிடந்தார்கள். தூங்கினால்தானே மாற்றும் என்று இளவட்டங்கள் செவ்வாய் ராத்திரி விடிய விடியச் சீட்டாடிப் பார்த்தார்கள்; முதல் காக்கா கத்துகிற நேரத்தில் எல்லாருக்கும் ஒரே ஒரு முறை இமை மூடித் திறந்தது, திறந்தபோது கையில் சீட்டு இருக்கிறது, எதிரில் ஆட்டக்காரன் இல்லை. அதற்கப்புறம் வளவு என்ன செய்யும், ரெண்டே நாளில் பழகிக்கொண்டது. ஆண்கள் சட்டை போட்டுத் தூங்கினார்கள், பெண்கள் தலையைப் பின்னிப் படுத்தார்கள், எல்லாரும் பல் தேய்க்கும் பிரஷை இடுப்பில் செருகிக்கொண்டார்கள். கல்யாண மண்டபத்து வாசலில் மாறிப்போன செருப்பைத் தேடுகிற மாதிரி, காலையில் தாய்மார்கள் வீடு வீடாகப் போய், “எங்க சின்னவன் இங்கயா கிடக்கான்?” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். வீட்டு ஓனர் மெட்ராஸில் இருந்தார். போன் பண்ணினால் வாடகை ஒழுங்காக வருகிறதல்லவா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

பயம் முழு உருவத்தில் வந்தது விருந்தாளி வந்த அன்றைக்குத்தான்.

அந்தப் புதன்கிழமை சாயங்காலமே கடையத்திலிருந்து பிச்சம்மாளின் ஒன்றுவிட்ட தம்பி நெல்லையப்பன் மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர், கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே படுத்தார். காலையில் எண்கள் நாலு, ரெண்டு, எட்டு, அஞ்சு, ஏழு, ஒன்று. நெல்லையப்பன் குறட்டை விட்டுக்கொண்டு மூன்றாவது வீட்டில் சுகமாகக் கிடந்தார். பால்வண்ணத்தைக் காணோம். ஆறு வீட்டையும் துழாவினார்கள், கிணற்றுக்குள் பாதாளக்கரண்டி போட்டுப் பார்த்தார்கள், பஸ் ஸ்டாண்டு வரை போய்த் தேடினார்கள். அவர் செருப்பு வாசலில், கண்ணாடி மாடக்குழியில், மாத்திரை டப்பா தலைமாட்டில். மனுஷரை மட்டும் காணோம்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தி எண்ணினார். “எத்தனை பேருன்னு சொன்னீங்க? இருபத்தேழு. இருக்கிறது எத்தனை? இருபத்தேழு. அப்ப யாரைக் காணோம்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு அவர் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

அலறி அடித்து அன்று மத்தியானமே கடையத்துக்கு பஸ் ஏறின நெல்லையப்பன், மறுநாள் விடியக்காலம் பத்திரிகைப் பையை மார்போடு அணைத்தபடி அஞ்சாவது வீட்டு அடுப்படியில் முழித்தார். “எக்கா, திங்கக்கிழமை எம்மவளுக்குக் கல்யாணம், என்னைய விட்டுருங்க” என்று அவர் அழுத அழுகையைப் பார்க்கச் சகிக்கவில்லை. வந்தது நிற்கும், இருந்தது போகும், எண்ணின் வழக்கம் அதுதான் என்று அப்போது எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

அன்றைக்குக் கதவுகளில் அஞ்சு, ஏழு, ஒன்று, நாலு, ரெண்டு, எட்டு. மூன்றாவது வீட்டு எஸ்தர் டீச்சர் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறவள். ரெண்டு நாளாகச் சாப்பிடாமல் யோசித்துக்கொண்டிருந்தவள், கோலமாவுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து முற்றத்துத் தரையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். முதல் நாள் கதவுகளை வரிசையாகப் படித்தால் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து எண்ணூற்று ஐம்பத்தேழு. அதை ரெண்டால் பெருக்கினாள், புதன்கிழமை எண் வந்தது. மூன்றால் பெருக்கினாள், வியாழக்கிழமை எண். நாலால் பெருக்கினாள், நிமிர்ந்து கதவுகளைப் பார்த்தாள், அப்படியே இருந்தது.

“இது வட்டமா சுத்துற எண்ணு” என்றாள். “அஞ்சால பெருக்கினாலும் ஆறால பெருக்கினாலும் இதே ஆறு பேருதான் இடம் மாறி உக்காருவாங்க. மூணு வராது, ஆறு வராது, ஒன்பது வராது, சைபர் வராது. எப்பக் கூட்டினாலும் இருபத்தேழு.”

“ஏழால பெருக்கினா?” என்றாள் பிச்சம்மாள்.

டீச்சர் பெருக்கினாள். ஒன்பது, ஒன்பது, ஒன்பது என்று ஆறு ஒன்பது தரையில் வெள்ளையாக விழுந்தது. வீட்டுக்கு ஒன்பது பேர் என்றால் ஐம்பத்து நாலு பேர் வேண்டும். இருக்கிறது இருபத்தேழு. பாக்கி இருபத்தேழு பேர் எங்கிருந்து வருவார்கள், யார் வருவார்கள், வருகிறவர்கள் உயிரோடு இருக்கிற ஆட்கள்தானா?

“டீச்சர், இது எங்கேருந்துதான் வந்துச்சு?” என்றான் மந்திரமூர்த்தி.

“ஒரு முழுசை ஏழு பங்கு போட்டா இந்த எண்ணுதான் வரும். வந்துக்கிட்டே இருக்கும், பங்கு முடியவே முடியாது” என்று சொன்ன டீச்சர், சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உணர்ந்த மாதிரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லாத் தலையும் கடைசியில் பூட்டிக்கிடந்த ஏழாவது வீட்டுப் பக்கம் திரும்பியது. அது இசக்கி இருந்த வீடு. கிணறு வற்றின வருஷம் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. எட்டாம் நாள் பச்சை உடம்போடு அவளையும் புருஷனையும் அவள் அம்மாவையும் வளவு வெளியே அனுப்பியது. மழைத் தூறலில் பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு போனாள். இனி அந்த வீட்டுக்கு ஆளே வேண்டாம், தண்ணீராவது மிஞ்சும் என்று ஓனரிடம் பேசி, ஆறு வீட்டுக்காரர்களும் அந்த வாடகையைப் பங்கு போட்டுக் கட்டிப் பூட்டி வைத்திருந்தார்கள். அந்தச் சாவியும் பிச்சம்மாள் முந்தானையில்தான்.

அன்றிலிருந்து வளவுக்காரர்கள் ஆவுடையைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. அவள் தண்ணீர் எடுக்க வந்தால் பேச்சு நின்றது. அவள் இடுப்பைப் பிடித்து நின்றால் நாலு வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. பிள்ளை பிறந்தால் இருபத்தெட்டு. வந்தது நிற்கும். போவது யார்? தாய்மார்கள் ராத்திரி பிள்ளைகளைச் சேலையால் தங்கள் வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தார்கள். ஆவுடையின் மாமியார் செண்பகவடிவு சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு, “எண்ணு கேட்டா என்னைய எடுத்துக்கிடட்டும், எம்மவனைத் தொடக்கூடாது” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆவுடைக்கும் அதே பயம்தான். கண்ணை மூடினால், மந்திரமூர்த்தியின் செருப்பு மட்டும் வாசலில் கிடப்பது தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எங்கேயாவது பிறக்கட்டும், வளவுக்குள் பிறக்க வேண்டாம் என்று எல்லாரும் சேர்ந்து ஆட்டோவுக்குக் காசு கொடுத்தார்கள். சனிக்கிழமை காக்கா கத்தியபோது ஆவுடை ரெண்டாவது வீட்டுப் பாயில் முழித்தாள், புறங்கையில் குளுக்கோஸ் ஊசி குத்தியபடி இருந்தது. ஆட்டோ வீணாகப் போனது. ஞாயிற்றுக்கிழமை எட்டு, அஞ்சு, ஏழு, ஒன்று, நாலு, ரெண்டு வந்தது. அது ஆறாவது நாள். மத்தியானம் அவளுக்கு வலி கண்டது.

“நாளைக்குப் பொறந்தா இடம் இருக்கு” என்றாள் ஆவுடை, பல்லைக் கடித்துக்கொண்டு. “நாளைக்கு ஐம்பத்து நாலு. எம்பிள்ளை வந்தா யாரும் போகவேண்டாம். விடியற மட்டும் தாங்கணும், மதினி.”

வளவில் அத்தனை பேரும் ஏழாவது நாளை நினைத்துப் பயந்து கிடக்க, அது சீக்கிரம் வராதா என்று ஏங்கினவள் அவள் ஒருத்திதான். பிச்சம்மாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகை நீவினாள். இவள் கையா நமக்கு நீவுகிறது என்று ஆவுடைக்கு அந்த வலியிலும் தோன்றியது. பிச்சம்மாளுக்கும் பயம்தான், அவளுக்கு ஏழு பேர் கொண்ட குடும்பம், எண் எந்தத் தலையில் கை வைக்கும் என்று அவளுக்கு மட்டும் தெரியுமா என்ன? மாலை போனது, விளக்கு வைத்தார்கள், மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் முற்றத்தில் வந்து உட்கார்ந்து, அவள் கத்துகிற ஒவ்வொரு கத்தலுக்கும் கிழக்கைப் பார்த்தார்கள்.

பிள்ளை பொறுக்கவில்லை. கிழக்கு வெளுக்க இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே வந்து விழுந்தது, பெண்பிள்ளை. அழுதது. வெளியே ஒருத்தர் கையை ஒருத்தர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். பிச்சம்மாள் பிரசவம் பார்த்த பழக்கத்தில் புது பிளேடை எடுத்துவிட்டாள்.

“அறுக்காதிய மதினி!” என்று ஆவுடை அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். “கொடி இருக்கிற மட்டும் அவ நான்தான். தனித் தலை இல்ல. விடியட்டும்.”

பிச்சம்மாளின் கை அப்படியே நின்றது. வழவழவென்று துடிக்கிற கொடியைப் பிடித்துக்கொண்டு, பிள்ளையைத் தாயின் வயிற்றில் கவிழ்த்துப் போட்டு, ரெண்டு பேரும் காத்துக்கிடந்தார்கள். மந்திரமூர்த்தி வாசலில் நிற்பது தெரிந்தது. இருக்கிறாரா, இருக்கிறாரா என்று ஆவுடை திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டாள்.

காக்கா கத்தியது. இமை மூடித் திறந்தது.

ஆறு கதவிலும் ஒன்பது. அறைக்குள் திடீரென்று மூச்சுக்காற்று கூடிவிட்டது. பிச்சம்மாள் நிமிர்ந்து பார்க்கப் பயந்து தரையைப் பார்த்தாள். தரையில் சேறு படிந்த பாதங்கள் நின்றன. நாலு வயசுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இசக்கி நின்றாள். அவள் புருஷன், அவள் அம்மா, அந்த எலக்ட்ரீசியனும் அவன் மனைவியும். அடுத்த வீட்டிலிருந்து, “யாரு எங் கண்ணாடியை எடுத்தது?” என்று பால்வண்ணத்தின் குரல் கேட்டது. தலை கூடிப்போச்சு என்று இந்த வளவு வெளியே தள்ளினவர்கள் அத்தனை பேரும், எந்தெந்த ஊரிலோ படுத்துத் தூங்கியவர்கள், வந்து நிறைந்திருந்தார்கள். அவர்களுக்கும் ஒன்றும் புரியவில்லை, அவர்கள் முகத்திலும் பயம்தான்.

“இப்ப அறுங்க” என்றாள் ஆவுடை.

பிச்சம்மாள் முடிச்சுப் போட்டு அறுத்தாள். பிள்ளை தனித் தலை ஆனது.

ஆறு ஒன்பதோடு ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை, கணக்கு டீச்சர்கூட யோசிக்கவில்லை. கதவுகளில் ஒன்பதுகளின் வால் மெள்ள மேலே சுருண்டு ஏறி, வட்டத்துக்குள் போய் மறைந்தது. ஆறு கதவிலும் சைபர். மறுபடி ஒரு முறை எல்லாருக்கும் இமை மூடித் திறந்தது. திறந்தால் அத்தனை பேரும் முற்றத்தில், ஆறு வீட்டிலும் ஈ காக்கை இல்லை. ஆவுடை கோலம் அழிந்த தரையில் உட்கார்ந்திருக்கிறாள், மடி காலி.

பூட்டிக்கிடந்த ஏழாவது வீட்டுக்குள்ளிருந்து அழுகைச் சத்தம் வந்தது. அந்தக் கதவில் ஒன்று.

“ஏழாவதுலருந்து திருப்பி வாசிச்சா பத்து லட்சம்” என்றாள் எஸ்தர் டீச்சர்.

ஆவுடை தவழ்ந்தே போனாள். பிச்சம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பூட்டைத் திறந்தாள். திறந்தவள் கதவைத் தள்ளாமல் குறுக்கே விழுந்து மறித்தாள். “போகாதட்டி! ஒரு ஆளுக்குத்தான் இடம். வந்தது நிக்கும், இருந்தது போகும். நீ கால வச்சா பிள்ளை போயிரும்!”

ஆவுடையின் கால் வாசற்படிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஐயோ, அந்த நிலையை எந்தத் தாய்க்கும் சொல்ல முடியுமா? கைக்கெட்டும் தூரத்தில் பிள்ளை கத்துகிறது, மார்பு கனத்து வலிக்கிறது, ஓர் அடி வைத்தால் பிள்ளை இருக்காது. முற்றத்தில் அவளையும் சேர்த்து ஐம்பத்து நாலு பேர் நிற்கிறார்கள். உள்ளே அழுகை கொஞ்சம் கொஞ்சமாகச் சன்னமானது.

“எண்ணு எங்க இருக்கு?” என்று கேட்டாள் இசக்கி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

“கதவுலதான இருக்கு? கதவைக் கழட்டுங்க” என்றாள். “எங்க வீட்டுக் கதவு அது. அந்தக் கீல் எப்பவும் லூசுதான், தூக்கினா வந்துரும்.”

மந்திரமூர்த்தியும் இசக்கியின் புருஷனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். எலக்ட்ரீசியன் கீலில் ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினான், கல்யாணப் பத்திரிகைப் பையைக் கீழே போட்டுவிட்டு நெல்லையப்பனும் கை கொடுத்தார். கதவு ஒருமுறை முனகிக்கொண்டு வந்துவிட்டது. அதை முற்றத்து நடுவில் மல்லாக்கப் போட்டார்கள். மல்லாக்கக் கிடந்த ஒன்று, மரத்தில் ஒரு கோடாகத்தான் தெரிந்தது. வீடு வாய் திறந்து கிடந்தது.

ஆவுடை கண்ணை இறுக மூடிக்கொண்டு காலை உள்ளே வைத்தாள். பழைய குடங்களுக்கும் உடைந்த கட்டிலுக்கும் நடுவே, சாக்கு மேல் கிடந்த பிள்ளை அழுதுகொண்டே இருந்தது. கையில் எடுத்தபோதும் அழுதது, மாரில் வைத்தபோதுதான் நிறுத்தியது. அவள் கண்ணைத் திறக்காமலே பிள்ளையின் முதுகைத் தடவி, காலைத் தடவி, விரல்களைத் தடவிப் பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “ஏங்க, இருக்கியளா?” என்று கேட்டாள்.

“இருக்கேன்ட்டி” என்றான் மந்திரமூர்த்தி.

அன்று சாயங்காலத்துக்குள் மற்ற ஆறு கதவுகளையும் கழற்றிவிட்டார்கள். நெல்லையப்பன் முகூர்த்தம் தப்பி, மத்தியானப் பந்திக்குப் போய்ச் சேர்ந்தார், அது வேறு கதை. வந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் ஊருக்குத் திரும்பிப் போனார்கள், யாரும் இழுத்து வரப்படவில்லை. இசக்கி போகவில்லை, அவள் வீட்டைக் கூட்டிக் கழுவி அடுப்பு மூட்டினாள். இன்றைக்கும் அந்த வளவில் கதவு கிடையாது, சேலையும் சாக்கும்தான் தொங்குகிறது. திருட்டுப் பயம் இல்லையா என்று கேட்கிறவர்களிடம், அதைவிடப் பெரிய பயத்தைப் பார்த்தாச்சு என்பார்கள். ஆவுடை இன்னமும் காக்கா சத்தம் கேட்டால் கண் திறப்பதற்கு முன்னால் கையை நீட்டிப் பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறாள், அப்புறம் புருஷனை, அப்புறம் கட்டிலில் மாமியாரை.

அடுத்த மாசம் பிறந்தது. பிச்சம்மாள் பழக்கப்படி முற்றத்தில் வந்து நின்றாள். எல்லாரும் குடத்தோடு வெளியே வந்தார்கள். ஏழாவது வீட்டிலிருந்து இசக்கியும், முதல் வீட்டிலிருந்து பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆவுடையும் வந்தார்கள். பிச்சம்மாள் விரலை நீட்டினாள். விரல் ஆவுடையின் தோளில் தூங்குகிற தலைக்கு நேராக வந்து அப்படியே நின்றது.

அவள் விரலை மடக்கிக்கொண்டு, போய் மோட்டாரைப் போட்டாள்.